நாயின் மேலும் தரையிலும் வாழும் தெள்ளு

நாய், பூனைகளின் ரத்தத்தைக் குடித்து வாழும் சிறு பூச்சி தெள்ளு. உண்ணி வேறு, தெள்ளு வேறு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டு ஊதிப் பெருக்கும். தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை கிடையாது. பக்கவாட்டில் தட்டையான பழுப்பு உடல், நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். ரோமத்துக்குள் விறுவிறுவென்று ஓடும். பிடிக்கப் போனால் துள்ளித் தப்பும். நாயின் மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற இனமே.

பிராணியின் மேல் காணப்படும் தெள்ளுகள் மொத்தத்தில் சிறு பங்குதான். மிச்சமெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கும். ரத்தம் குடித்த பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டைகள்கூட இடும். வழுவழுப்பான அந்த முட்டைகள் ரோமத்தில் நிற்காமல், பிராணி படுக்கும் சாக்கிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி விரிப்பின் அடியில் ஒளிந்து, தெள்ளின் கழிவாக உதிரும் உலர்ந்த ரத்தத் துகளைத் தின்று வளரும். பிறகு பட்டிழையால் கூடு கட்டும். கூட்டின் மேல் தூசி ஒட்டுவதால் அது கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் எளிதில் உள்ளே போகாது. வெப்பமும் ஈரமும் ஒத்துவந்தால் சில வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் கடி விழுவது இதனால்தான்.

பிராணி ஓயாமல் சொறிவதும், முதுகின் பின்பகுதியில் ரோமம் கொட்டுவதும் தெள்ளின் அடையாளங்கள். ரோமத்தைச் சீவி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைக்கும்போது அது செம்பழுப்பாகக் கரைந்தால், தெள்ளு இருப்பது உறுதி. சில பிராணிகளுக்குத் தெள்ளின் எச்சில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். குட்டிகளுக்கு ரத்தசோகை வரலாம். ரோமத்தை நக்கும்போது தெள்ளை விழுங்கினால், அதன் வழியே நாடாப்புழு குடலுக்குள் போகலாம்.

ஆகவே பிராணிக்கும் வீட்டுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை வேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, எடைக்கேற்ற அளவில் கொடுக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது. அதைப் பூனைக்கு ஒருபோதும் போடக் கூடாது. படுக்கைத் துணிகளை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். தரை இடுக்கு, கட்டிலின் அடி, விரிப்பு ஆகியவற்றைக் கூட்டி அள்ளிய குப்பையைக் கட்டி உடனே வெளியேற்ற வேண்டும். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. அதன் அதிர்வில் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளுகளும் வெளிவந்து சிக்கும். தொல்லை மிகுந்தால், முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மருந்தை வீட்டில் தெளிக்கலாம்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் சில வாரங்கள் புதிய தெள்ளுகள் தென்படும். அவை கூட்டிலிருந்து வெளிவருபவை. மருந்து பலிக்கவில்லை என்று அதை நிறுத்திவிடக் கூடாது. கடைசிக் கூடு காலியாகும்வரை, குறைந்தது மூன்று மாதமாவது மருந்தும் துப்புரவும் தொடர வேண்டும்.