கண்ணில் கீறிய கதிர்
(யூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா மேடையில் சாமியார் கண்நோயைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், அறுவடையின்போது ஒரு விவசாயியின் கண்ணில் நெற்கதிர் கீறிவிட்டது. சனிக்கிழமை மாலை என்னிடம் வந்தார். "நாளை திருநாள் முடியட்டும், திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றேன். அதற்குள் அவர் மருந்துக்கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். சிவப்பு குறைந்தது. திங்களன்று அவரும் போகவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பத்து நாளில் கருவிழியில் வெள்ளைப் புண் படர்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை திரும்பவேயில்லை.

பிற்பாடுதான் படித்து அறிந்தேன். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புண்ணை உண்டாக்கியது காளான் இனம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிவப்பை அடக்கும். ஆனால் காளானை வளரவிடும். இதைத்தான் நாம் "குணமாகிறது" என்று நம்பி ஏமாறுகிறோம்.

காளான் புண்ணுக்கு நடாமைசின் என்ற மருந்தே மேல் என்பதை, மதுரை, கோவை, நமக்கு அருகிலுள்ள புதுச்சேரி ஆகிய ஊர்களின் அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013-ல் காட்டியது. அதிலும் எல்லாரும் முழுப் பார்வை பெற்றுவிடவில்லை. வருமுன் காப்பதே எளிது. நேபாளத்து பக்தபூரில், கருவிழி கீறியவர்களுக்குக் கிராம ஊழியர்களே குளோரம்பெனிகால் களிம்பு போட்டுப் பார்த்தார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்த 38 பேரில் 11 பேருக்கு வந்துவிட்டது! நான் அந்த மனிதரை நிறுத்தி வைத்ததும் ஏறத்தாழ அவ்வளவு நேரந்தான்.

குழந்தைகளுக்கு மாலைக்கண், முதியோருக்குக் கண்புரை என்று வயதுக்கேற்ற தொல்லைகள் வேறு இருக்கின்றன. அவற்றை இன்னொரு நாள் பேசுவோம். வயலுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு இன்று ஒன்று சொல்கிறேன். கண்ணில் கதிரோ முள்ளோ பட்டால் தாய்ப்பால் விடாதீர்கள், விளக்கெண்ணெய் விடாதீர்கள், கடைக்காரர் கொடுக்கும் சொட்டும் வேண்டாம். அன்றைக்கே சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ போய்க் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பஸ்ஸுக்குக் காசில்லையென்றால் பங்கு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஞாயிறு பூசை நேரமானாலும் சரி, கோயிற்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.