குழி நிரம்பினால் யாருக்குச் சொல்வது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மேடையில் மலசலகூடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டுக் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். வைத்தியர் ஒருத்தியைக் கூப்பிட்டால் இதுதான் கிடைக்கும்.

நீர் வழங்கலுக்கும் துப்புரவுக்குமான உலக ஒத்துழைப்பு மன்றம் ஒன்று 1990இல் தொடங்கி, ஜெனீவாவிலிருந்து இயங்கியது. அங்கத்தவர்கள் வட்டார வாரியாகத் தெரிவுசெய்த பிரதிநிதிகளும் அதன் வழிகாட்டுக் குழுவில் இருந்தார்கள். 2008இல் அது ஒரு துப்புரவு நிதியத்தை ஆரம்பித்தது. அந்தப் பணம் பெரும்பாலும் கட்டடத்துக்குப் போகவில்லை. மக்கள் தாங்களே கட்டிப் பாவிக்கும்படி ஊக்குவிக்கும் வேலைக்குத்தான் போனது. மாதவிடாய்ச் சுகாதாரத்தைக் கூச்சமில்லாமல் உலகக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் அடங்குவர். 2021இல் மன்றம் துப்புரவு மற்றும் சுகாதார நிதியமாக மாறியது. மன்றம் நிதியமாகும்போது, பணம் தருபவரின் கதிரை பெரிதாகி, பாவிப்பவரின் கதிரை சிறிதாகிவிடக்கூடாது. இந்தக் கவலை ஜெனீவாவுக்கு மட்டும் உரியதல்ல.

2011 ஏப்ரலில் கொழும்பில் தெற்காசியத் துப்புரவு மாநாடு கூடியது. புதிய பாடசாலை, ஏற்கெனவே உள்ள பாடசாலை ஒவ்வொன்றிலும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி மலசலகூடம், அதில் மாதவிடாய்க்கான வசதி என்பது அங்கே பிரகடனமாயிற்று. நல்ல பிரகடனம். ஆனால் காலை பத்தரை இடைவேளையில் கதவின் கொளுக்கி உடைந்திருந்தால் பிள்ளை யாரிடம் முறையிடுவது?

என்னிடம் வரும் மாணவிகள் சிலருக்குத் திரும்பத் திரும்பச் சலத்தொற்று. தண்ணீர் குடிக்கிறீரா என்று கேட்டால், "இல்லை டொக்டர், குடிச்சால் ஸ்கூலில போகவேணும்" என்கிறார்கள். அந்தப் பாடசாலைகளில் மலசலகூடங்கள் இல்லாமலில்லை. சிலவற்றில் அன்பளித்தவரின் பெயர் பளிங்கிலேயே பொறித்திருக்கிறது. உள்ளே வாளி இல்லை, அணையாடை போடக் கூடையில்லை, கூட்டுவதற்கு ஆளுமில்லை.

எங்கள் குடாநாட்டில் இன்னொரு சங்கடம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அந்தக் கல்லில் வெடிப்புகள் அதிகம். அடி கட்டாத குழியிலிருந்து கசிவது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்துதான் எங்கள் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. ஆகவே குழி எங்கே, கிணறு எங்கே, அடி கட்டியிருக்கிறதா, பவுசர் எப்போது வரும் என்பவை மேசன் மட்டும் தீர்மானிக்கிற விஷயங்களல்ல.

கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகள் புதிய தொகுதி ஒன்றுக்குப் பணம் சேர்க்கிறார்கள். மனம் நிறைந்த நன்றி. அவர்களிடமும் சங்க நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறேன். அத்திவாரம் வெட்டமுன் ஒரு சிறு குழுவை அமையுங்கள். அதில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியும், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியும், துப்புரவு செய்யும் அம்மாவும் இருக்கவேண்டும். அந்த அம்மாவுக்கும் வாக்கு இருக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழையுங்கள். சேரும் பணத்தில் ஒரு பங்கை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியைச் சவர்க்காரத்துக்கும், கூலிக்கும், பவுசருக்கும் ஒதுக்குங்கள். கணக்கை வருடம் ஒருமுறை ஒன்றுகூடலில் வாசியுங்கள். எத்தனை அறை கட்டினோம் என்பதை விட, அன்று காலை எத்தனை அறையின் கதவு பூட்டக்கூடியதாயிருந்தது என்பதை வாசியுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இதைப் பிரேரணையாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.