வெந்நீர்க் குழாயும் வீட்டுக் கைத்தொழிலும்

(உயிலங்குளத்தில் வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வாலிபர் கூட்டத்திலே மோட்டார் வண்டியின் றப்பர்க் குழாயைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாயிருக்கும். அதிலும் காரினுள்ளே சூடேற்றும் ஹீற்றரின் குழாய் என்றால், "மன்னார் வெயில் போதாதோ?" என்று நகைக்கவும் கூடும். ஆயினும், நமக்கு வேண்டாத அந்தக் கருவியின் குழாய் வெடித்தால் நமக்கு வேண்டிய வண்டியே பாழாகிவிடும் என்பதை எடுத்துக்காட்டவே இன்று எழுந்துள்ளேன்.

எஞ்சினைக் குளிரச் செய்யும் நீர் றேடியேற்றருக்கு மாத்திரம் போய் வருவதன்று. அதில் ஒரு கிளை இரு சிறு குழாய்களின் வழியே முன்பலகைக்குப் பின்னாலுள்ள ஹீற்றருக்குச் சென்று திரும்புகிறது. நாம் ஹீற்றரைப் போடாவிட்டாலும் பல வண்டிகளில் அவ்வோட்டம் நிற்பதில்லை. நீரின் சூடு ஏறக்குறைய 90 பாகை. மூடி அதனை அமுக்கத்தில் வைத்திருப்பதால் 100 பாகையிலும் அது கொதியாது. பிறஷர் குக்கரின் தத்துவமே இது. குழாய் பிளந்தால் அமுக்கம் போய்விடும், நீர் ஆவியாய் வெளியேறும், சில நிமிடங்களில் எஞ்சினின் தலைப்பாகம் வளைந்து கஸ்கற்றும் கெட்டுவிடும். மதவாச்சி வீதியில் வாடகை வான் ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒருவருக்கு அது பல மாதக் கடன். குழாயின் விலையோ அக்கடனுக்கு முன்னே அற்பம்.

நமது பகுதி மக்களுக்குக் கைத்தொழில் புதிதன்று. 1990 முதல் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சில துளி பெற்றோலிலே கிளப்பி மண்ணெண்ணெயிலே ஓட்டியவர்கள் வடபகுதி மெக்கானிக்குகள். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு அத்தடை தளர்ந்தது. பின்னர் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே நம் வீடுகளில் நிற்பவை பெரும்பாலும் வயதேறிய வண்டிகள். அவற்றின் றப்பரும் வயதேறியதே.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறிய பின், குழாயின் நுனிகளைக் கிளிப்புக்கு அருகே அமுக்கிப் பாருங்கள். வெளியே அழகாயிருந்தும் உள்ளிருந்து வெடிப்பது குழாயின் குணம். மொறுமொறுத்தாலும், பஞ்சுபோல் அமுங்கினாலும், எண்ணெய் பட்டு வீங்கியிருந்தாலும் மாற்றவேண்டும்.

பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் உள்விட்டத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். பலவற்றில் அது 5/8 அங்குலம், அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீற்றர். நூல்வலை பொதிந்த வெந்நீர்க் குழாயே வேண்டும். தோட்டத்துக்கு நீர்விடும் பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் இளகிவிடும். கூர்மையாய் வளையும் இடத்துக்கு நேர்க்குழாயை வைத்தால் மடிந்து நீரோட்டம் அடைபடும். அங்கே அச்சில் வார்த்த குழாயே ஏற்றது.

சூடான எஞ்சினின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும். வடியும் நீரை ஒரு தாழியில் ஏந்துங்கள். அதில் கலந்துள்ள குளிர்திரவம் இனிப்பானது, ஆனால் நஞ்சு. முற்றத்து நாயும் ஆட்டுக்குட்டியும் அதை நக்காமற் காப்பது நம் கடமை. ஹீற்றரின் குழல் மெல்லிய உலோகம். ஒட்டியிருக்கும் றப்பரை இழுக்காமல் நீளவாக்கில் கத்தியாற் கீறி உரியுங்கள். புதியதைச் செருகி, திருகு கிளிப்பை அளவாக இறுக்குங்கள். 1921இல் லம்லி றொபின்சன் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி கண்ட எளிய சாதனம் அது. ஒரு ஸ்குறூட்றைவர் போதும்.

நீர் நிரப்புகையில் நமது கரையோரத்து உவர்நீரைத் தவிர்த்து, வடித்த நீரையும் வண்டிக்குரிய குளிர்திரவத்தையும் சேருங்கள். உவர்நீர் உள்ளே காறை பிடிக்கும். ஹீற்றர்த் திருப்பியைச் சூட்டுப் பக்கம் வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். ஆறிய பின் குறையை நிரப்புங்கள்.

காரின் உள்விரிப்பு நனைந்து இனிப்பு நெடி வீசினால் குழாயன்று, ஹீற்றரே ஒழுகுகிறது. அதனை மாற்றப் பணமில்லாதவர் ஒரே குழாயால் எஞ்சினின் இரு வாய்களையும் இணைத்துவிடலாம். வாய்களை அடைத்துவிடுவது தவறு. சில எஞ்சின்களுக்கு அவ்வோட்டம் அவசியம். நுவரெலியாக் குளிருக்குப் போகாதவரைக்கும் இவ்வழி நமக்குப் போதும்.

பௌதிகத்தைப் பரீட்சைக்கு மாத்திரம் படித்த நாம், அமுக்கத்தையும் கொதிநிலையையும் நம் வீட்டு முற்றத்திலே காணலாம். கையில் எண்ணெய் படுவது இழிவென்று எண்ணும் படித்த வாலிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இவ்வார விடுமுறையில் தந்தையாரின் வண்டியை, அயலவரின் வானைத் திறந்து, அந்த இரு குழாய்களையும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.