பதிவேடும் பத்திரிகையும்



அதிகாரத்தில் இருப்போர் மறைக்க விரும்பும் பொதுநலச் செய்தியை, ஆவணங்களைத் தேடிப் பெற்றும் பலரைத் தனித்தனியே விசாரித்தும் சரிபார்த்து வெளியிடுவதே புலனாய்வு இதழியல் எனப்படுகிறது. அமைச்சரின் அறிக்கையை அப்படியே அச்சிடுவதும், காதில் விழுந்ததைக் கிசுகிசுவாக எழுதுவதும் இதில் சேரா. இவ்விதழியலுக்குச் சட்டம் எதுவரை துணைநிற்கும் என்பதை இந்தியா முழுமைக்கும் வரையறுத்த வழக்கைத் தொடுத்தது நக்கீரன் என்னும் தமிழ் வார இதழ் என்பதும், அவ்வழக்கின் நடுவில் இருந்தவர் தியாகியோ அறிஞரோ அல்லர், ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் என்பதும் நினைக்கத்தக்கவை. உரிமைகள் பல நேரம் இத்தகைய கரடுமுரடான கைகள் வழியாகத்தான் வந்து சேர்கின்றன.

சங்கர் 1991இல் சிறையிலிருந்து எழுதி மனைவியிடம் ஒப்படைத்ததாகச் சொல்லப்பட்ட ஏறத்தாழ 300 பக்கத் தன்வரலாறு, ஆட்சிப்பணி, காவல்பணி அதிகாரிகள் சிலருடன் தமக்கு இருந்ததாக அவர் கூறிய நெருக்கத்தை விவரித்தது. நக்கீரன் அதைத் தொடராக வெளியிட முனைந்தபோது, சிறைத்துறைத் தலைவர் 1994 ஜூன் 15ஆம் நாளிட்ட கடிதத்தில், அது சங்கர் எழுதியதே அன்று என்றும், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் எச்சரித்தார். இதழ் உச்ச நீதிமன்றத்தை நாட, அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. அச்சேறுமுன்பே ஓர் எழுத்தை நிறுத்திவைப்பதாகிய முன்தடையை விதிக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ சட்டத்தில் இடமில்லை என்றும், அவதூறு எனக் கருதுவோர் வெளியான பின்னரே நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அது கூறியது. அரசு அலுவலர் ஒருவரின் பணி பற்றி எழுதியது தவறாகவே இருப்பினும், உரிய அளவு சரிபார்த்த பின்பே எழுதப்பட்டது என்று இதழ் காட்டிவிட்டால் அவர் இழப்பீடு பெற இயலாது. சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்த்து வாங்கும் ஆரணி போன்ற நெசவு ஊருக்கு, சரிபார்த்தலின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

அதே தீர்ப்பு மறுபக்கத்தையும் சொன்னது. ஒருவரின் குடும்பமும் அந்தரங்கமும் பிறர் தலையீடின்றி இருக்கும் தனியுரிமையை அது ஏற்றதோடு, பொது ஆவணங்களைக் கடந்து ஒருவரின் வாழ்க்கையை அவர் இசைவின்றி எழுதுவோர் விளைவுக்குப் பொறுப்பாவர் என்றும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது என்றும் வரம்பிட்டது. பரபரப்பையே புலனாய்வு என்று விற்கும் இதழ்கள் இப்பகுதியை வசதியாக மறந்துவிடுகின்றன.

எனினும், அரசின் தடையை நீக்கிய தீர்ப்பால் இதழ் நிறுவனத்துக்குள்ளிருந்தும் விளம்பரதாரரிடமிருந்தும் எழும் வேறொரு தடையை நீக்க முடியவில்லை. அத்தீர்ப்புக்கு முன்பே, லஞ்சப் புகாருக்குள்ளான போஃபர்ஸ் பீரங்கிப் பேரத்தின் ஆவணங்களை வெளிக்கொணர்ந்த சென்னையின் தி இந்து நாளிதழே 1989இல் அவற்றை வெளியிடுவதை ஒரு கட்டத்தில் நிறுத்தியது. செய்தியாளர் சித்ரா சுப்ரமணியம் அப்பணியை வேறொரு நாளிதழில் தொடர நேர்ந்தது. பெருநகர நாளிதழுக்கே அந்நிலை என்றால், சொற்ப ஊதியத்துடன் விளம்பரமும் சேர்த்துத் தரவேண்டிய சிற்றூர் நிருபரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சேலையின் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி விசைத்தறியில் நெய்த சேலை, கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறதா என்று ஆராய வேண்டியவர், விளம்பரம் கேட்டு ஏறும் படியும் ஜவுளிக்கடைப் படியாகவே இருக்கிறது. கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்துவது குற்றமன்று. அதற்கு எதிராக நீதிமன்றத்தில் முறையிடவும் பெரும்பாலும் வழியில்லை.

ஆகவே ஆவணம் தேடும் பணியின் ஒரு பகுதியை வாசகரே ஏற்கலாம். அரசு அலுவலகத்தின் ஆவணத்தைக் குடிமக்கள் கேட்டுப் பெறும் தகவல் அறியும் உரிமைக்கு, நடுவண் அரசின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்பே, 1997இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. இன்று கைத்தறித் துறைக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பும் நெசவாளரிடம், அது எதற்கு என்று அலுவலர் கேட்கச் சட்டம் இடந்தரவில்லை. 30 நாளுக்குள் விடை தரவேண்டும்.