மணமுறிவும் மக்கள் காப்பும்

(மார்த்தாண்டம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் அண்டையிலுள்ள நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடை மருமக்கள்வழி நிலவிய நாளில், தந்தையின் பொருள் மருமகனைச் சார, பெற்ற மக்கள் வாடினர். 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை மாற்றியமைத்தது. மூத்தோர் செய்யும் ஏற்பாட்டால் இளையோர் நலியலாகாது என்பதே அதன் பாடம். மணமுறிவிலும் அதுவே கருதற்பாலது.

“முத்திரைத்தாளில் இருவரும் கையொப்பமிட்டோம், இனித் தடையுண்டோ?” என என்னை வினவுவோர் பலர். உண்டு. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, நிலைநாட்டப்பெற்ற வழக்காறோ தனிச்சட்டமோ இல்லாவிடத்து, நீதிமன்றத் தீர்ப்பின்றி மணம் முறியாது, மறுமணமும் செல்லாது. இருவரும் இசைந்தால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் மனுச் செய்யலாம். அதன்பின் ஆறு மாதத் தவணையுண்டு. தக்க காரணமிருப்பின் அதனை நீக்கலாமென 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று.

“குழந்தை யாருக்கு?” என்பது அடுத்த வினா. ஐந்து வயது நிரம்பாத மகவு பெரும்பாலும் தாயிடமே இருத்தல் வேண்டுமென்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்பின் தந்தைக்கே உரித்தென்று எண்ணற்க. குழந்தையின் நலமே தலையாயது. மற்றவர் சென்று காணும் முறையையும் கல்விச் செலவையும் நீதிமன்றம் வரையறுக்கும். பொருளில்லையென்று பெண்மக்கள் அஞ்சவேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் அவர்க்கு இலவசச் சட்ட உதவியுண்டு.

ஒருநாள் மாலை, இரு வீட்டாரும் பள்ளி வாயிலில் நின்று அழைக்க, எவரோடு செல்வதென்றறியாது புத்தகப்பையைத் தழுவி நின்றான் என் மாணாக்கன் ஒருவன். அக்காட்சி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அன்பர்களே! கணவன் மனைவி என்னும் கட்டு அறலாம். தாய் தந்தை என்னும் கட்டு அறாது. வழக்காடுவோர் இதனை மறவாதிருப்பாராக.