பள்ளி திறக்கும் காலமும் வண்டி செலுத்துவோர் கடமையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழ்ப் பண்டிதர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியப் பொருள் ஒன்றுபற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறக்கவிருக்கும் இவ்வேளையில் அதனினும் முற்படச் சொல்லவேண்டுவது ஒன்று உண்டென்று விண்ணப்பித்து, அவர்கள் இசைவு பெற்றே இப்பொருளை எடுத்துக்கொண்டேன். ஆயினும் பண்டிதன் வாய் பழங்கதை சொல்லாமல் இராது. ஆதலின் திருவாரூரிலிருந்தே தொடங்குகின்றேன்.

மனுநீதிச் சோழன் வரலாறு நீவிர் அனைவரும் அறிந்ததே. அரசிளங்குமரன் தேரூர்ந்து வருங்கால் ஆன்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது; தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது; மன்னன் தன் மைந்தன்மேல் தேரைச் செலுத்தினான். இவ்வளவும் சிறுவரும் அறிவர். பெரியபுராணத்தை நிதானித்துப் படிப்பார்க்கு இன்னொன்றும் புலனாகும். அக்குமரன் வேண்டுமென்று தேரை விட்டானல்லன். கன்று இடையே புகுந்ததை அவன் கண்டானுமல்லன். அமைச்சர்கள் இதற்குப் பிராயச்சித்தம் உண்டென்று எடுத்துரைத்தனர். மன்னன் இசைந்திலன். ‘குறுக்கே வந்துவிட்டது, நான் என் செய்வேன்’ என்னும் சமாதானம் அவன் அவையில் செல்லவில்லை. நம் காலத்தில் விபத்து நேர்ந்த இடந்தோறும் முதலில் எழும் சொல் அதுவே யன்றோ?

அம்மன்னன் விதித்த தண்டத்தை நாம் ஏற்கவேண்டுவதில்லை. அக்கதை எழுப்பும் வினாக்கள் இரண்டையே ஈண்டுக் கொள்வோம். குறுக்கே வருவார் உளர் என்று தெரிந்த வீதியில் அவ்வேகம் ஏன் என்பது ஒன்று. மைந்தன் கையில் தேரைக் கொடுத்த தந்தைக்குப் பொறுப்பு யாது என்பது மற்றொன்று.

முதலாவதைப் பார்ப்போம். குழந்தை என்பது சிறிய அளவினதாகிய பெரிய மனிதனன்று. நின்றிருக்கும் காரின் மறைவில் ஆறு வயதுப் பிள்ளையின் தலை வெளியே தெரிவதில்லை. அப்பிள்ளைக்கும் வருகின்ற வண்டி தெரிவதில்லை. தெரிந்தபோதும் அதன் வேகத்தை அளவிடும் ஆற்றல் அவ்வயதில் முற்றியிருப்பதில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியார் 2010-ஆம் ஆண்டளவில் இதனை ஆராய்ந்தனர். ஏறக்குறைய மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் வண்டியின் வேகத்தைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் செம்மையாக உணர்வதில்லை என்று கண்டனர். வண்டியின் தோற்றம் கண்ணுக்குப் பெரிதாகி வருவதைக் கொண்டே நாம் வேகத்தை உணர்கின்றோம். விரைந்து வருவதொன்று சிறுவர் கண்ணுக்கு அசையாது நிற்பதுபோலவும் தோன்றலாம். ஆகவே ‘பார்த்துத்தானே ஓடி வந்தான்’ என்று பிள்ளையைக் கடிந்து பயனில்லை. அவன் பார்த்தே வந்தான். பார்த்தது அவனுக்குப் போதவில்லை.

இனிச் சிறிது கணக்குச் சொல்லுகின்றேன். தமிழாசிரியன் கணக்கென்று தள்ளிவிடாதீர்கள், கணித ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்ததே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமுள்ள வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். இடையூறொன்றைக் கண்டு கால் பிரேக்கை மிதிப்பதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி கழியும். மிதித்தபின் உலர்ந்த நல்ல சாலையில் வண்டி நிற்க இன்னும் 14 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகமாயின் இரண்டும் சேர்ந்தே 14 மீட்டருக்குள் அடங்கும். இதன் பொருள் யாது? 14 மீட்டருக்கு அப்பால் பிள்ளை ஒருவன் சாலையில் இறங்குவானாயின், 30-இல் வந்தவன் அவன் முன்னே நின்றுவிடுவான். 50-இல் வந்தவன் வேகம் சற்றும் குறையாமலே அவனை அடைந்திருப்பான். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மகாநாடு, நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30-க்கு மேற்படலாகாதென்று கூறியதும் இதுபற்றியே. மழை பெய்து நனைந்த சாலைக்கு இக்கணக்குப் போதாது.

‘ஒலிப்பான் இருக்கின்றதே’ என்பர் சிலர். பேரொலி கேட்ட பிள்ளை சில வேளை நின்றவிடத்திலேயே திகைத்துவிடும்; சில வேளை வந்த வழியே திரும்பி ஓடும். எதைச் செய்யுமென்று யாரும் சொல்லமுடியாது. அன்றியும் பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி வலயம் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே உள்ளது.

நிற்க. பள்ளி திறந்த முதல் வாரங்கள் ஏன் தனியே கவனிக்கத்தக்கன? ஒரு மாதத்துக்கு மேலாக வெறுமையாய்க் கிடந்த சாலையில் விரைந்து பழகியவர்கள் சாரதிகள். பிள்ளைகளோ புதிய வழிக்கு வந்தவர்கள். ஐந்தாம் வகுப்புவரை தம் தெருமுனைப் பள்ளிக்கு நடந்த குழந்தை, ஆறாம் வகுப்பிற்காக அடுத்த ஊர் உயர்நிலைப்பள்ளிக்கு வரும். நெடுஞ்சாலையை வாழ்நாளில் முதன்முறை தனியே கடப்பது அன்றுதான். பெற்றோரே, பள்ளி திறக்குமுன் ஒருநாள் அவ்வழியே பிள்ளையுடன் நடந்து, கடக்கவேண்டிய இடத்தைக் காட்டிவையுங்கள்.

மற்றொன்று சொன்னால் சிலருக்கு வருத்தமுண்டாகலாம். காலை வேளையில் பள்ளி வாயிலில் நிற்கும் என் கண்ணுக்குப் பேரச்சம் தருவன அயலூர் லாரிகள் அல்ல. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நம்மவர் வண்டிகளே. தம் பிள்ளையை வாயிற்படியிலேயே இறக்கவேண்டுமென்று ஒவ்வொருவரும் நெருக்குவதால், பிறர் பிள்ளை வண்டிகளின் இடுக்கில் நுழைந்து செல்கின்றது. சாலை நடுவே வலப்புறக் கதவைத் திறந்து இறக்குவோரும், பின்னே பாராமல் வண்டியைப் பின்வாங்குவோரும் உண்டு. துவிசக்கர வண்டியில் தந்தை தலைக்கவசம் அணிந்து, பின்னே இரு பிள்ளைகள் வெறுந்தலையராய் இருப்பது நாள்தோறும் காணும் காட்சி. நான்கு வயதிற்கு மேற்பட்டார் எவர்க்கும் தலைக்கவசம் வேண்டுமென்பது சட்டம். அதற்குட்பட்ட குழந்தைக்கும் கவசமும், செலுத்துவோருடன் பிணைக்கும் பட்டையும், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் 2022-இல் விதிக்கப்பட்டன.

பள்ளிப் பேருந்து உடையவர்களும் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். 2012 ஜூலையில் சென்னையின் புறநகரில், பேருந்தின் அடித்தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து அதன் சக்கரத்திலேயே மாண்டது தமிழகம் முழுவதையும் கலக்கியது. உயர்நீதிமன்றம் அதனைத் தானே முன்வந்து விசாரித்தது. அவ்வாண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் சோதனையைத் தொல்லை என்று முணுமுணுப்பவர்கள் அச்சிறுமியின் வயதை ஒருமுறை எண்ணிப்பார்க்கட்டும்.

இரண்டாம் வினாவுக்கு வருகின்றேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான் என்று பதினைந்து வயது மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தரும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவருகின்றது. அதனைப் பெருமையாகவும் பேசுகின்றோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 199ஏ பிரிவு கூறுவதைக் கேளுங்கள்: சிறுவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால் தந்தையோ வண்டிக்குரியவரோ குற்றவாளி, மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு 12 மாதத்திற்கு ரத்தாகும், அச்சிறுவனுக்கு 25 வயது நிரம்பும்வரை உரிமம் கிடையாது. ‘எனக்குத் தெரியாது’ என்றால் அதனை மெய்ப்பிக்கும் சுமையும் தந்தையதே. சாவியைக் கையில் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்ட தந்தை எங்ஙனம் மெய்ப்பிப்பார்? பதினோராம் வகுப்பில் அரசாங்கமே மிதிவண்டி தருகின்றது. அதில் ஏறிச் செல்வதால் எக்குடிக்கும் இழுக்கில்லை.

நிறைவாக, நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கக் கட்டடத்தின் முன்றில் பள்ளி வாயிலுக்குச் சிறிது தொலைவிலேயே உள்ளது. கலியாண நாட்கள் நீங்கலாக அது பூட்டியே கிடக்கின்றது. காலை எட்டரை முதல் ஒன்பதரை வரையும், மாலையில் பள்ளி விடும் வேளையிலும் அதன் கதவைத் திறந்துவைத்தால், எச்சாதியாராயினும் பெற்றோர் யாவரும் வண்டியை உள்ளே நிறுத்திப் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்திச் செல்லலாம். சாவி பொருளாளர் அவர்களிடம் இருக்கின்றது. காலையில் திறக்கும் வேலையை நானே ஏற்கின்றேன். மாலைக்கு இளைஞர்களில் இருவர் இப்போதே பெயர் கொடுத்தால் நலம்.