கோட் சரி, கமாண்ட் தப்பு

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு கம்பத்துல இருந்து சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணே, நாளைக்கு லேப் எக்ஸாம். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'னே வருது. எனக்கு கோடிங் வராதுண்ணே."

அவன்கிட்ட மூணு ஃபைல்: மெயின் டாட் சி, விலை டாட் சி, விலை டாட் ஹெச். டெர்மினல்ல அடிச்சது "ஜிசிசி மெயின் டாட் சி" மட்டும்தான்.

போடி ஏலக்காய் ஏலத்துல சாம்பிளைப் பார்த்துத்தான் விலை கேட்பாங்க. மூட்டை வேற இடத்துல இருக்கும். ஹெடர் ஃபைல் அந்த சாம்பிள் மாதிரி. 'இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கு'ன்னு சொல்லும், கம்பைலர் நம்பிரும். மூட்டையைத் தேடிப் போறது லிங்கர். விலை டாட் சி-யை நாம கொடுக்கவே இல்லைன்னா அது எங்க போய் எடுக்கும்?

எரரோட கடைசி வரியில 'எல்டி'ன்னு இருந்தா அது லிங்கர் சொல்றது. முதல்ல ஃபைல் விட்டுப்போச்சான்னு பாருங்க, அடுத்து ஃபங்ஷன் பேரோட ஸ்பெல்லிங். அவன் "ஜிசிசி மெயின் டாட் சி விலை டாட் சி"ன்னு அடிச்சான். ஓடிருச்சு!

பெல் லேப்ஸ்ல ஸ்டீவ் ஜான்சனே ஒரு காலைப் பொழுதை இப்படி வீணாக்கினவர்தான். பக்கைத் திருத்திட்டார், ஆனா அந்த ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணல. அவர் வந்து புலம்பினதுல இருந்துதான், 1976-ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' எழுதினார்.

அதனால 'எனக்கு வராது'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, அடிச்ச கமாண்டை ஒரு தடவை திரும்பப் படிங்க.